ராஜமாணிக்கம் மனு

அபர்தீன் பஜாரில் சேக் தாவூதின் இரும்புக் கடையை ஒட்டினாற்போல, மாடிப்படிக்குக் கீழே டைப்ரைட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த ஜம்புலிங்கத்துக்கு உலகத்தில் பிடிக்காத மனுஷி ஒருத்தி உண்டென்றால், அது ராஜமாணிக்கத்தின் தாயார்தான். இத்தனைக்கும் அந்த அம்மாளை அவர் பார்த்ததுகூட இல்லை. அவள் ராமநாதபுரத்துக் கடற்கரையில் ஏதோ ஒரு குப்பத்தில், மகன் அனுப்பும் மணியார்டரில் நிம்மதியாகக் காலம் தள்ளிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கண் தெரியாது. வினையெல்லாம் அதில்தான் தொடங்கியது.

ஜம்புலிங்கம் சங்கரன்கோவில் பக்கத்துக்காரர். மர கான்ட்ராக்டர் ஒருவரிடம் குமாஸ்தாவாக, ஐம்பதுகளில் கப்பலேறி அந்தமானில் போர்ட் பிளேருக்கு வந்தவர். கான்ட்ராக்டர் ஒரு மழைக்காலத்தில் மெயின்லேண்டுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று போனார். போனவர் போனவர்தான். டைப்ரைட்டர் மட்டும் மிஞ்சியது. அதைச் சுமந்துகொண்டு பஜாருக்கு வந்து உட்கார்ந்தவருக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. தீவில் அப்போது எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு புது ஆபீஸ் முளைத்துக்கொண்டிருந்தது. ரோடு போட ஒன்று, மரம் அறுக்க ஒன்று, படகு விட ஒன்று. கப்பலில் வந்து இறங்கியவன் மூட்டையை இறக்கிவைத்த கையோடு கேட்ட முதல் கேள்வி, "அர்ஜி எழுதறவர் எங்கே இருக்கார்?" என்பதுதான். வங்காளி, தெலுங்கர், மலையாளி, தமிழர் எல்லோருக்கும் அங்கே வேலை மனு என்றால் அர்ஜி.

மனு விஷயத்தில் ஜம்புலிங்கத்துக்கு ஒரு பிடிவாதம் உண்டு. நீ யார், உனக்கு என்ன வேலை தெரியும், அவர்கள் கேட்கிற வேலைக்கு அது எப்படி உதவும். இதைச் சொல்லி, ஒரே பக்கத்தில் முடித்து, கையெழுத்தைப் போடு. நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவன் ஒரு கட்டு மனுவைப் புரட்டுகிறான், அவனுக்கு உன் குடும்ப புராணம் எதற்கு? இதைச் சொல்லிச் சொல்லி அவருக்குத் தொண்டை வறண்டதுதான் மிச்சம். செவிடன் காதில் ஊதிய சங்கு.

"அண்ணாச்சி, அழுகை பத்தலை" என்பார்கள். ஒரு பக்கம்தானா என்று காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். கும்பிடுகிறேன் என்ற வார்த்தை எத்தனை இடத்தில் வருகிறது என்று கேட்டவன்கூட உண்டு. "உனக்கு என்னடே வேலை தெரியும்?" என்று இவர் கேட்டால், "எந்த வேலைன்னாலும் செய்வேன்" என்று நெஞ்சை நிமிர்த்துவார்கள்.

ஜம்புலிங்கம் தலையில் அடித்துக்கொள்வார். "எந்த வேலைன்னாலும் செய்வேன்னா, ஒரு வேலையும் உருப்படியாத் தெரியாதுன்னு அர்த்தம்லே!"

அப்படிப்பட்ட நாளில்தான் ராஜமாணிக்கம் வந்து சேர்ந்தான். கீழக்கரைப் பக்கம் கடலில் முங்கிச் சங்கு எடுத்துக்கொண்டிருந்தவன். துறைமுகத்தில் படகுகளைப் பார்த்துக்கொள்கிற லஸ்கர் வேலை காலி இருக்கிறதென்று கேள்விப்பட்டு வந்தான். தாயாருக்குக் கண் தெரியாததைப் பற்றியே வெகுநேரம் பேசினான். உண்மைதானே, போகட்டும் என்று ஜம்புலிங்கம் அதையும் இங்கிலீஷில் அடித்துக் கொடுத்தார். ஆனால் தன் பிடிவாதத்தை விடவில்லை. அவன் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, 'தண்ணீருக்கடியில் மூச்சடக்கி, படகுக்கு அடியில் சுழலும் விசிறியில் சுற்றிக்கொண்ட கயிற்றை அறுத்தெடுக்கத் தெரிந்தவன்' என்று கடைசியில் ஒரு வரியைச் சேர்த்துவிட்டார். மனு போய்ச் சேர்ந்த சமயம், துறைமுகத்தில் ஒரு படகு விசிறியில் கயிறு சுற்றிக்கொண்டு அசையாமல் கிடந்தது. மறுநாளே ஆள் வந்து ராஜமாணிக்கத்தைக் கையோடு அழைத்துப் போனார்கள்.

பஜார் என்ன முடிவுக்கு வந்தது? தாயாருடைய குருட்டுக் கண் மகனுக்கு வேலை வாங்கிக் கொடுத்துவிட்டது என்ற முடிவுக்கு வந்தது.

ராஜமாணிக்கம் அந்த மனுவின் கார்பன் நகலைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தான். கேட்டவனுக்கும் காட்டினான், கேட்காதவனுக்கும் காட்டினான். நகலுக்கு நகல் எடுத்து அது டெலானிபூர் மேடேறி, வண்டூர் வரைக்கும் போயிற்று. 'ராஜமாணிக்கம் மனு' என்று பெயரே விழுந்துவிட்டது. ராசியான மனு. அதில் ஒரு எழுத்தை மாற்றினாலும் ராசி போய்விடும் என்று ஒரு சாஸ்திரம் வேறு. ஆனால் கயிறு அறுக்கிற வரியை மட்டும் எல்லோரும் தாராளமாக வெட்டி எறிந்தார்கள்.

பழனிசாமியும் அப்படித்தான் வந்தான். வண்டூர்க்காரன். காட்டுக்குள் மரம் வெட்டுகிற முகாம்களில் சமையல் செய்துகொண்டிருந்தவன். சர்க்கார் விருந்தினர் விடுதிக்குச் சமையல்காரர் தேவை என்று தெரிந்து, தன் தாயார் ருக்குவையும் கூட்டிக்கொண்டு பஜாருக்கு வந்தான்.

"அண்ணாச்சி, ராஜமாணிக்கம் அர்ஜி ஒண்ணு அடிச்சுக் குடுங்க. அந்தக் கயிறு அறுக்கிற வரி மட்டும் வேணாம்."

"அது ஏன் வேண்டாம்?"

"எனக்கு முங்கத் தெரியாதுங்களே. பொய் சொல்லக் கூடாதில்ல?"

ஜம்புலிங்கம் அவனை உற்றுப் பார்த்தார். "உனக்கு முங்கத் தெரியாது, சரி. உங்க ஆத்தாளுக்குக் கண்ணு தெரியுமா, தெரியாதா?"

பழனிசாமி தாயாரைத் திரும்பிப் பார்த்தான். ஆணிப் பெட்டியின்மேல் உட்கார்ந்திருந்த ருக்குதான் பதில் சொன்னாள். "எழுதிட்டுப் போகட்டும் தம்பி. பேப்பர்லதானே குருடு? எனக்கென்ன வலிக்கவா போகுது?" சொல்லிவிட்டு எழுந்தவள், நெற்றியில் கையை வைத்துக்கொண்டு தெருவின் இறக்கத்துக்கு அப்பால் கடலைப் பார்த்தாள். "டேய் பழனி, அதோ பாரு கப்பல் புகை. அரிசி வந்துடுச்சு."

பஜாரில் வேறு ஒருவருக்கும் அந்தப் புகை தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் மற்றவர்களுக்குத் தெரிந்தது. கடைக்குள் சேக் தாவூத் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

ஜம்புலிங்கம் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். "முகாம்ல எத்தனை பேருக்குச் சமைப்பே?"

"அது இருக்கும், அம்பது அறுபது பேருக்கு."

"மழையிலேயுமா?"

"இங்க மழை இல்லாத நாள் ஏது அண்ணாச்சி? விறகு சொட்டச் சொட்ட நனைஞ்சு வரும். கர்ஜன் கட்டையைச் சிராய் சிராயாச் சீவி அடியில வச்சா, அதுல இருக்கிற எண்ணெய்க்கு ஈர விறகும் பிடிச்சுக்கும். ஒரு நாளும் சோறு லேட்டானதில்லை."

"அதை எழுதுவோம்டே! அதுதான் உன் அர்ஜி!"

பழனிசாமி பதறிப்போனான். "ஐயையோ! ஈர விறகுல பொங்குனவன்னு எழுதினா மட்டமா நினைக்க மாட்டாங்களா? எனக்கு ராஜமாணிக்கம் அர்ஜிதான் வேணும்."

முடியாது என்றார் ஜம்புலிங்கம். பழனிசாமி தாயாரைக் கூட்டிக்கொண்டு மணிக்கூண்டுப் பக்கம் போனான். அங்கே இன்னொரு டைப்பிஸ்ட், பெயருக்கு மட்டும் இடம் விட்டு, கண் தெரியாத தாயாரைக் கட்டுக் கட்டாக அடித்து வைத்திருந்தான். அவன் கடையில் எப்போதும் கூட்டம். ஜம்புலிங்கத்தின் மாடிப்படிக்குக் கீழே எப்போதும் ஈ. விடுதி வேலை பழனிசாமிக்குக் கிடைக்கவில்லை என்று பிற்பாடு தெரிந்தபோது, அதில் சந்தோஷப்படக்கூட ஜம்புலிங்கத்துக்குத் தெம்பில்லை.

ஏனென்றால், ஊரில் குருட்டுத் தாய்மார் பெருகிக்கொண்டிருந்த அதே காலத்தில் அவருக்கு நிஜமாகவே கண் போய்க்கொண்டிருந்தது.

முதலில் விளக்கைச் சுற்றி ஒரு வட்டம் தெரிந்தது. பிறகு எதைப் பார்த்தாலும் கஞ்சித் தண்ணீர் வழியாகப் பார்ப்பதுபோல இருந்தது. இரண்டு கண்ணிலும் புரை, மெட்ராசுக்குப் போய் ஆபரேஷன் செய்துகொண்டால்தான் உண்டு என்று டாக்டர் சொல்லிவிட்டார். கப்பலில் போய், தங்கி, கட்டு அவிழ்த்துத் திரும்பிவரும் வரைக்கும் மெஷின் ஓடாது. மெஷின் ஓடாவிட்டால் டெலானிபூர் வாடகை வீட்டில் மனைவி மரகதமும் மகள் சந்திரமதியும் எதைத் தின்பார்கள்? அதனால் அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை. கண் மங்கிய டைப்பிஸ்டைத் தேடி எவன் வருவான்? எழுத்து எங்கே இருக்கிறதென்று விரலுக்குத் தெரியும். அதை வைத்து ஓட்டினார்.

விரலுக்குத் தெரியாத ஒன்று ரிப்பன். ஒருநாள் ஒரு தெலுங்குக்காரருக்கு முழு மனுவையும் அடித்து, உருவி, நீட்டினார். அவர் கைக்குப் போகுமுன் சேக் தாவூத் குறுக்கே புகுந்து வாங்கிக்கொண்டார். காகிதம் வெள்ளையாக இருந்தது. ரிப்பன் காய்ந்துபோய், ஒரு எழுத்துகூட விழவில்லை.

"ஜம்பு அண்ணே, ரிப்பன் சரியில்ல போல. மாத்திட்டு இன்னொரு தரம் அடிங்க. ஆபீஸ் வேலைன்னா ரெண்டு தரம் அடிக்கிறதுதான்" என்று தெலுங்குக்காரருக்கும் கேட்கும்படி சொன்னார். அதன்பிறகு அவர் வாரம் தவறாமல் வந்து ரிப்பனைப் பார்த்துவிட்டுப் போவார். ஏன் என்று அவரும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை.

இந்தச் சமயத்தில்தான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர் வேலைக்கு மனுக் கேட்டார்கள். சந்திரமதி பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். அவளுக்கு அது கிடைத்தால் அவள் சம்பளத்தில் வீடு ஓடும், தகப்பன் மெட்ராஸ் போய்க் கண்ணைச் சரிபண்ணிக்கொண்டு வரலாம். கிடைக்காவிட்டால் கண்ணோடு மெஷினும் நிற்கும், மெஷினோடு வீடும் நிற்கும். மூன்று பேருக்கும் இது நன்றாகத் தெரியும்.

சோறு போட்டுக்கொண்டே மரகதம் பேச்சை எடுத்தாள். "ஏங்க, ஊர்ல உள்ளவன் பூரா பொய்யா எழுதுதான். நம்ம புள்ளைக்கு அது நெசம். தகப்பனுக்குக் கண்ணு மங்கிட்டுன்னு ஒரு வரி போடுங்களேன்."

"போட மாட்டேன்."

"ஏன் போட மாட்டீங்க?"

"அந்த வரியை ஊர்க்காரன் அத்தனை பேரும் எச்சில் பண்ணி வச்சிருக்கான் மரகதம். புலி வருது, புலி வருதுன்னு ஊரே கத்தியாச்சு. இப்போ நெசப் புலி வாசல்ல நிக்கு. எவன் நம்புவான்? படிச்சுட்டுச் சிரிப்பான். என் கண்ணைப் பாத்து ஒருத்தன் சிரிக்கதுக்கு நானே எழுதிக் குடுக்கணுமா?"

"அப்படிச் சொல்லுங்க. பஜாருக்குத் தெரிஞ்சா மானம் போயிரும்னு பாக்கீங்க. புள்ள வேலையைவிட மானம் பெருசு."

அதில் பாதி உண்மை இருந்தது. அதனாலேயே அவருக்குக் கோபம் முழுசாக வந்தது. தட்டைத் தள்ளிவிட்டு விருட்டென்று எழுந்தவர், நிலையில் நெற்றியை நங்கென்று இடித்துக்கொண்டார். மரகதம் ஓடிவந்து பிடித்தாள். முதலில் கையை உதறினார். பிறகு, பிடித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்.

மெஷினை வீட்டுக்குத் தூக்கிவரச் சொல்லி, ஞாயிற்றுக்கிழமை காலையில் சந்திரமதியையே அடிக்க உட்கார வைத்தார். பஜாரில் எல்லோரையும் கேட்பதுபோலவே கேட்டார். "சொல்லு. உனக்கு என்ன வேலை தெரியும்?"

"எந்த வேலைன்னாலும் செய்வேன் அண்ணாச்சி" என்றாள் சந்திரமதி.

ஜம்புலிங்கத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "செருப்பு பிஞ்சிரும். ஒழுங்காச் சொல்லு. குழாயடியில தினம் ஒரு சண்டை நடக்குதே, நீ அங்க என்ன பண்ணுதே?"

டெலானிபூரில் அவர்கள் இருந்த வரிசைக்கு ஒரே குழாய். வங்காளிக் கம்பவுண்டர் வீடு, தெலுங்குக்காரர் வீடு, ஹிந்திக்காரர் வீடு, இவர்கள் வீடு. நாலு குடத்துக்கு நாலு பாஷையில் சண்டை நடக்கும். "நான் என்ன பண்ணுவேன்? கம்பவுண்டர் வீட்டு பௌதி சொன்னதை அத்தைகிட்ட தெலுங்குல சொல்லுவேன், அத்தை சொன்னதை பௌதிகிட்ட பெங்காலியில சொல்லுவேன். திட்டை மட்டும் விட்டுருவேன். விஷயத்தைச் சொல்லுவேன்."

"அடி!" என்று தொடையைத் தட்டினார் ஜம்புலிங்கம். "அதை அடி!"

தமிழ், ஹிந்தி, வங்காளி, தெலுங்கு நான்கும் பேசுவேன். ஒருவர் கோபத்தில் சொன்னதை மற்றவரிடம் கோபமில்லாமல் சொல்லத் தெரியும். பேசுகிறவரை இரண்டு தரம் சொல்ல வைக்க மாட்டேன். இங்கிலீஷில் அவர் சொல்லச் சொல்ல அவள் அடித்தாள். பெண்கள் பள்ளிக்கூடத்தில் வாங்கிய மார்க்கும் விலாசமும் சேர்த்து முக்கால் பக்கம் வந்தது. அடுப்படியிலிருந்து எட்டிப்பார்த்த மரகதம், "இவ்வளவுதானா? நம்ம கஷ்டம் ஒரு சொட்டுக்கூட இல்லையே" என்றாள். ஜம்புலிங்கம் மகளிடம் காகிதத்தை உருவச் சொன்னார்.

இன்டர்வியூவுக்கு அழைப்பு வந்தது. போய்விட்டு வந்த சந்திரமதி வாசலிலேயே செருப்பைக் கழற்றிக்கொண்டு சொன்னாள். "மெயின்லேண்டுல இருந்து புதுசா வந்த ஆபீசரு அப்பா. என் அர்ஜியை வச்சுக்கிட்டுச் சிரிச்சாரு. 'வந்ததுல பாதிக்கு மேல வீட்டுல யாருக்காவது கண்ணு குருடு. இந்தத் தீவுத் தண்ணியில ஏதாவது கோளாறான்னு டாக்டரையே கேட்டேன். உன் வீட்டுல மட்டும்தான் எல்லாருக்கும் கண்ணு நல்லாத் தெரியுது போல'ன்னாரு."

"நீ என்ன சொன்னே?"

"ஆமாம்னேன்."

ஜம்புலிங்கம் சிரித்தார். பெரிய சிரிப்பு, கொஞ்சம் அதிகமாகவே பெரிய சிரிப்பு. மகள் சிரித்தாளா என்று அவருக்குத் தெரியவில்லை. வாசல் வெளிச்சத்தில் அவள் நின்ற இடம் ஒரு வெள்ளை மூட்டமாகத்தான் இருந்தது. அடுப்படியில் பாத்திரம் உருளுகிற சத்தம் கேட்டது. ஊரில் நல்ல கண்ணை வைத்துக்கொண்டு குருடென்று எழுதிய ஒவ்வொருத்தன்மேலும் அவருக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. பெற்ற மகள், இருக்கிறதை இல்லையென்று சொல்லித்தான் வேலை வாங்கவேண்டியிருக்கிறது. அப்படிப் பண்ணிவிட்டார்களே பாவிகள்!

வேலை அவளுக்குத்தான் கிடைத்தது. உத்தரவைச் சந்திரமதி மூன்று தரம் படித்துக் காட்டினாள். மரகதம் மெட்ராஸில் இருக்கிற தன் தம்பிக்குக் கடுதாசி போட்டாள், அடுத்த வருஷம் மழைக்கு முன்னால் கப்பலில் இடம் பிடிக்கலாம் என்று பேசிக்கொண்டார்கள். அதுவரைக்கும் ஜம்புலிங்கம் பஜாருக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார். வீட்டில் சும்மா உட்கார அவருக்குத் தெரியாது.

ஒரு காலை நேரம், மாடிப்படிக்கு முன்னால் யாரோ வந்து நின்றார்கள். குரலை வைத்துத்தான் பழனிசாமி என்று தெரிந்தது.

"அண்ணாச்சி, சந்திரமதி அர்ஜி ஒண்ணு அடிச்சுக் குடுங்க."

"என்ன அர்ஜி?"

"நம்ம பாப்பாவுக்கு வேலை கிடைச்சுதே, அந்த அர்ஜி. ஊரெல்லாம் அதுதான் பேச்சு. கப்பல்ல சமையல்காரன் வேலை இருக்கு. எழுத்து மாறாம அப்படியே வேணும்."

ஜம்புலிங்கம் நிதானமாக மூச்சை இழுத்து விட்டார். "அதுல நாலு பாஷை பேசுவேன்னு இருக்குடே. உனக்கு எத்தனை தெரியும்?"

"தமிழு. அப்புறம் பஜார் ஹிந்தி. இருக்கட்டும் அண்ணாச்சி, ராசியான வரி."

"பொம்பளப் புள்ளைங்க பள்ளிக்கூடத்துல படிச்சேன்னு இருக்கு."

பழனிசாமி ஒரு கணம் யோசித்தான். "அதுவும் இருக்கட்டும்."

"அந்த ஈர விறகு..."

"அது மட்டும் வேணாம் அண்ணாச்சி."

ஜம்புலிங்கத்துக்கு உள்ளுக்குள் ஏதோ அறுந்துபோயிற்று. கத்தவேண்டும் என்றுதான் வாயைத் திறந்தார். கத்த வரவில்லை. இத்தனை நாளாகப் பஜாரில் யாரிடமும் சொல்லாதது வாயில் வந்துவிட்டது.

"எனக்குக் கண்ணு தெரியலை பழனி. உன் மூஞ்சியே தெரியலை. மெஷின்ல என்ன விழுதுன்னு தெரியலை. பொய் ஒண்ணை அடிக்கதுக்குக்கூட இனிமே என்கிட்ட பார்வை இல்லை. நெசமாச் சொல்லுதேன், என்னை விட்டுரு."

இரும்புக் கடைக்குள் தராசுச் சத்தம் நின்றது. பழனிசாமி கையைத் தட்டிக்கொண்டு ஒரே சிரிப்பாகச் சிரித்தான்.

"என்கிட்டேயேவா அண்ணாச்சி! அது பழைய அர்ஜி. இப்போ அது ஓடாது. புதுசைப் போடுங்க."

ஜம்புலிங்கம் காகிதத்தைத் தடவி எடுத்து, ஓரத்தை விரலால் சரிபார்த்து, மெஷினில் நுழைத்தார். பழனிசாமியின் பெயரையும் ஊரையும் அடித்தார். அதற்கு அடுத்த வரியில் ஈர விறகை அடித்தார். அதற்கும் அடுத்த வரியில் கர்ஜன் கட்டையையும், ஒருநாளும் லேட்டாகாத சோற்றையும் அடித்தார். அதைப் படிக்க அவனுக்கு இங்கிலீஷ் தெரியாது, இவருக்குக் கண் தெரியாது. சேக் தாவூத் எழுந்து வந்து, ரிப்பன் சரியாக இருக்கிறதா என்று குனிந்து பார்த்தார்.